மையத்தில் இல்லாத தகவல்

நெஸ்ட்டா கெத்தினை நான் நேரில் பார்த்ததில்லை.
அவர் கேள்விகள் வரும், செவ்வாய்க்கிழமைகளில்,
எண்ணிட்டு, ஒற்றை வரியில்,
கார்டிஃபில் மூன்றாம் மாடியில் என் மேசைக்கு.
பதில் எழுதுவது நான்.
கையெழுத்து அமைச்சருடையது.

முதல் கேள்வி எளிது.
பென்ரிவ் மருத்துவமனை வாசலில்
ஆம்புலன்ஸ்கள் எவ்வளவு நேரம் காத்து நிற்கின்றன?
சராசரி எழுபத்தோரு நிமிடம் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சராசரி ஒரு நல்ல போர்வை.
தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும்,
ஆனால் யார் காலைப் பார்க்கிறார்கள்?

அவர் பார்த்தார்.
மறுவாரம்: மிக நீண்ட காத்திருப்பு எது?

இதற்கென்றே எங்களிடம் ஒரு வாக்கியம் உண்டு.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
ஸ்டேப்ளரோடு சேர்த்து விட்டுப்போனது.
"இத்தகவல் மையமாகத் திரட்டப்படுவதில்லை."
திரட்டாதது யார் என்று
அதைக் குலுக்கிப் பார்த்தாலும் விழாது.

மையத்தில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது?
என்று வந்தது அடுத்தது.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
அடுத்த மேசையிலிருந்து தெலித் எட்டிப் பார்த்தாள்.

சுகாதார வாரியத்திடம் இருக்கலாம்.
வாரியத்திடம் அமைச்சர் கேட்டாரா?
வாரியத்துடன் தொடர்ந்து பேசிவருகிறார்.
கடைசியாகப் பேசிய தேதி?
நவம்பர் பன்னிரண்டு.
அன்று இதைப் பேசினாரா?

வெல்ஷில்தான் எழுதுவார்.
அந்த மொழியில் பொதுவான ஓர் 'ஆம்' கிடையாது,
கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்.
பேசினாரா என்றால், பேசினார்.
அல்லது, பேசவில்லை.
நடுவில் நிற்க ஒரு சாண் இடம் இல்லை.

பேசவில்லை, என்று எழுதினேன்.

அதற்குள் அவர் கை எனக்குப் பிடிபட்டிருந்தது.
கோபமில்லாத கை.
நான் பூசுவேன், மெழுகுவேன்,
அவர் நகத்தால் ஒரே ஒரு சுரண்டு.
ஒரு சொல்லை மட்டும் உருவிவிட்டு
அதே கேள்வியைத் திரும்ப அனுப்புவார்.
சில இரவுகளில், சொல்ல வெட்கம்,
அவருடைய அடுத்த கேள்வியை நானே எழுதிப் பார்த்திருக்கிறேன்.
அவருடையதே நன்றாக இருக்கும்.

பதினோராவது கேள்விக்கு வாரியத்தைத் தொலைபேசியில் பிடித்தேன்.
நான்கு பேர் கைமாற்றி
மோர்வென் என்றொருத்தி எடுத்தாள்.
அவசரப்பிரிவு வரவேற்பில் இரவுப் பணி.
யாரும் சொல்லாமலே
ஒரு கோப்பில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தாள்.
"நிஜமாகவே கேட்கிறீர்களா?" என்றாள்.
சற்றுப் பொறுத்து, மறுபடியும் அதையே.

ஜனவரி ஒன்பது. பெண், ஐம்பத்து நான்கு, இடுப்பெலும்பு.
பத்தொன்பது மணி நாற்பது நிமிடம்.
கடைசிக் கட்டத்தில், எதற்கோ, 'மழை' என்று எழுதியிருந்தாள்.

'சில நோயாளிகளுக்கு நீண்ட தாமதம்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
வீரம் ஒன்றுமில்லை இதில்.
ஒளிய மூலை மிச்சமில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை அவையைத் திரையில் பார்த்தோம்.
கண்ணாடிச் சுவர், பின்னால் சாம்பல் நிறக் கடல்.
அமைச்சர் வாசித்துக்கொண்டே போனார்,
பத்தொன்பதில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.
ஒருவரும் கூச்சலிடவில்லை.
நெஸ்ட்டா கெத்தின் கேமராவில் விழவில்லை,
ஒரு பென்சில் மட்டும், ஒரு மணிக்கட்டு.
துணைக் கேள்வி உண்டா என்றார் அவைத் தலைவர்.
இல்லை.
அடுத்த கேள்வி கடற்புறாக்களின் தொல்லை பற்றி.
அவைக்கு மூச்சு வந்தது.

செவ்வாய், வழக்கம்போல்:
அந்தப் பெண்ணிடம் இதுவரை யாராவது பேசினார்களா?

'தனிநபர் விவகாரங்கள் குறித்து' என்று
என் விரல்கள் தாமாகவே தொடங்கிவிட்டன.
அந்த அரை வாக்கியம் இன்னும் திரையில் நிற்கிறது.
வெள்ளிக்குள் பதில் போக வேண்டும்.
இன்று வியாழன்.
மோர்வெனின் எண் ஸ்டேப்ளருக்கு அடியில்.